சிறுமையிற் பெருமை கண்ட முத்துஸ்வாமி தீட்சிதர்

பெரும்பொருள் கொண்டு பெருஞ்செயல் புரிவோர் உலகிற் பலர். சிறுபொருள் கொண்டே பெருஞ்செயல் புரிந்தோர் சிலரே. முன்னவர் செயல் கண்ணைக் கவரும். பின்னவர் செயலோ கருத்தைக் கவரும். ஏழு சீருக்குள் வாழ்வையெல்லாம் அடக்கிக் காட்டிய வள்ளுவரைப் பெற்ற தமிழ்நாட்டார்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சொல்லுலகில் அவர் காட்டிய சுருக்கத்தின் ஆற்றலை இசையுலகிற் காட்டிய பெரியார் ஒருவருடைய சரிதத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துஸ்வாமி தீட்சிதர்.

தீட்சிதரென்றவுடன் கற்றோர் மனத்தில் தோன்றுவன, யானை நடைபோல் மெல்லென ஊர்ந்து செல்லும் அவருடைய பெருங்கிருதிகளே. அவற்றின் பெருமையை இசைவல்லார் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கே நோக்க விரும்புவது அவர் வாழ்வின் வேறொரு பக்கம். மிகச் சில ஸ்வரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை ஒழுங்காக அடுக்கி, பலர் கூடி ஒரு குரலாகப் பாடுதற்கேற்ற இசையையும் அவர் செய்தார். அச்சிறு பாடல்களை விளையாட்டென்று ஒதுக்குவார் உளர். அங்ஙனம் ஒதுக்குதல் தகுமோ என்பதே நம் வினா.

பிறப்பும் இளமையும்

சோழநாட்டுத் திருவாரூர் இசைக்குத் தாய்வீடு. சியாமா சாஸ்திரிகள் 1762 ஆம் ஆண்டிலும், தியாகராஜ ஸ்வாமிகள் 1767 ஆம் ஆண்டிலும், முத்துஸ்வாமி தீட்சிதர் 1775 ஆம் ஆண்டிலும் அவ்வொரே ஊரிற் பிறந்தனர் என்றால், அதன் பெருமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தீட்சிதருடைய தந்தையார் இராமஸ்வாமி தீட்சிதர், வடமொழியிலும் தெலுங்கிலும் இசையிலும் வல்லவர். வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தா முறையை வழிவழியாகப் பயின்ற குடும்பத்தாரிடம் கற்றுத் தேர்ந்தவர். இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் நாம் அடிக்கடி கேட்டு மகிழும் ஹம்ஸத்வனி இராகம் அவர் கண்டது. அந்த இராகத்துக்கு ஐந்தே ஸ்வரங்கள்: ஸ ரி க ப நி. ஏழில் இரண்டைத் துறந்து, எஞ்சிய ஐந்தைக்கொண்டே ஒரு புதிய உலகைப் படைத்த தந்தைக்கு மகனாய்ப் பிறந்தவர் நம் தீட்சிதர். குறைத்தலும் ஒரு படைப்பே என்னும் பாடத்தை அவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே கற்றார் எனலாம்.

வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரஸ்வாமியின் திருப்பெயரையே தந்தையார் தம் மூத்த மகனுக்கு இட்டனர். பின்னர்ச் சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்னும் இரு தம்பியரும் பாலாம்பிகை என்னும் தங்கையும் பிறந்தனர். வேதமும் காவியமும் இலக்கணமும் வீணையும் வாய்ப்பாட்டும் முத்துஸ்வாமிக்கு இளமையிலேயே கைவந்தன.

மணலியிற் கேட்ட பாண்டு வாத்தியம்

சென்னைக்கு வடக்கே மணலி என்னும் ஊரில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குத் துபாஷியாக இருந்தவர். திருவாரூரில் இராமஸ்வாமி தீட்சிதரின் புலமையைக் கண்டு வியந்து, அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப்பின் அவர் மகனார் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைக் குறைவின்றிச் செய்தார்.

இந்த மணலி வாசமே நம் சரிதத்துக்கு ஒரு திருப்பம். முதலியார்க்குக் கம்பெனித் துரைமாரோடு பழக்கமிருந்தமையால், செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் நிகழ்ந்த பாண்டு வாத்திய இசையைத் தீட்சித சகோதரர்கள் கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. நம் நாட்டுக் கச்சேரியில் ஒருவர் பாடுவார். ஏனையோர் அவரைப் பின்பற்றி வாசிப்பர். பாடுவோரின் மனோதர்மமே அங்கே அரசன். பாண்டு வாத்தியத்திலோ குழலும் கொம்பும் முரசுமாகப் பல கருவிகள் முன்னரே வகுத்த ஒரு மெட்டை ஒரே காலத்தில் ஒரே நடையில் முழக்குவன. ஸ்வரத்தில் அசைவில்லை, குழைவில்லை, அடி எடுத்து வைப்பதுபோல் ஒவ்வொரு ஸ்வரமும் நேரே வந்து நிற்கும். குழைவிலேயே வளர்ந்த செவிக்கு அது வறண்ட இசையாகத் தோன்றியிருக்கலாம். அதனை இகழ்ந்து வீடு திரும்பியிருந்தாலும் அவர்களை யாரும் குறை கூறியிரார்.

அவர்கள் இகழவில்லை. இளையவராகிய பாலுஸ்வாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அக்கருவியை நம் இசைக்கு ஏற்றவாறு பழக்கினார். இன்று வயலினின்றிக் கர்நாடகக் கச்சேரி நடப்பதைக் காண்டல் அரிது. அதற்கு வித்திட்டவருள் முதல்வராகப் பாலுஸ்வாமியையே போற்றுகின்றனர். தம்பி கருவியைக் கைக்கொண்டார். தமையனோ மெட்டுகளைச் செவியிற் சேமித்துக்கொண்டார். அச்சேமிப்பின் பயனைப் பின்னர்க் காண்போம்.

காசியாத்திரை

அக்காலத்தில் சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு வந்தார். அவர் முத்துஸ்வாமியின் அறிவையும் அடக்கத்தையும் கண்டு, அவரைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு தந்தையாரை வேண்டினார். பிரிவாற்றாமையால் முதலில் தயங்கிய தந்தையார் முடிவில் இசைந்தார். காசியில் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் குருவோடு வாழ்ந்த தீட்சிதர், யோகமும் வேதாந்தமும் பயின்றார்; வடநாட்டு இசையையும், அதனுள் சிறப்பாகத் துருபதம் என்னும் நிதானமான பாடல்முறையையும் கேட்டுணர்ந்தார். அவருடைய கிருதிகளின் நிதானத்துக்கு இக்கேள்வியும் ஒரு காரணமென்று இசையறிஞர் கூறுவர்.

கங்கையில் இறங்கியபோது குருவின் அருளால் ஒரு வீணை அவர் கைக்கு வந்ததென்பது வழிவழிச் செய்தி. அதன் யாளிமுகம் வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கி நிமிர்ந்திருந்ததாகச் சொல்லுவர். குரு காசியிலேயே உடல் நீத்தபின், தீட்சிதர் தென்னாடு திரும்பினார். கற்றவை மிகுதி, ஆயினும் தமக்கென ஒரு பாடல் இன்னும் பிறக்கவில்லை. அப்பிறப்பு நிகழ்ந்த இடம் திருத்தணிகை.

திருத்தணிகையில் எழுந்த முதற்பாட்டு

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பகுதியில் அமைந்தது திருத்தணிகை. இவ்வூர் ஆந்திர மாநிலத்திலிருந்து பிரிந்து 1960 ஆம் ஆண்டில் தமிழகத்தோடு சேர்ந்த வரலாறு யாவரும் அறிந்தது. முருகனுடைய ஆறு படைவீடுகளுள் ஒன்றாகிய மலைக்கோயிலை அடைய 365 படிகள் ஏறவேண்டும். ஆண்டின் நாள்களுக்கு அவை அடையாளமென்பர். ஒரு நாளுக்கு ஒரு படியென ஆண்டெல்லாம் ஏறி முடித்த உணர்வு, மேலே சென்று நிற்பார்க்கு உண்டாகும்.

மணலிக்குத் திரும்பிய தீட்சிதர், பின்னர் இங்கே வந்து தவமிருந்தார். ஒருநாள் முதியவர் ஒருவர் அவர்முன் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு ஒன்றை நாவிலிட்டு மறைந்தனரென்றும், அக்கணமே முதற்கிருதி பிறந்ததென்றும் கூறுவர். வந்தவர் முருகனே எனத் தெளிந்த தீட்சிதர், குருவும் குகனும் ஒன்றெனக் கண்டு, குருகுக என்னும் பெயரையே தம் முத்திரையாகக் கொண்டனர். அவர் பாடிய அம்முதற்பாட்டு ஸ்ரீநாதாதி குருகுஹோ என்று தொடங்குவது.

அப்பாட்டின் இராகம் மாயாமாளவகௌளை. இசை பயிலப் புகும் சிறுபிள்ளைகள் சரளி வரிசை பாடுவது அவ்விராகத்திலேயே. காசி வரை சென்று வடநாட்டிசையும் கற்று, தந்தையாரிடம் 72 மேளங்களையும் ஓதியுணர்ந்த ஒருவர், தம் முதற்பாட்டுக்கு அரியதொரு இராகத்தை நாடிச் செல்லவில்லை. குழந்தைகளின் முதற்பாடத்தையே நாடினார். அதுமட்டுமன்று. பாட்டின் தொடக்கம் ஸ்வரங்களை வரிசையாக ஏறிச் செல்கின்றது. அடுத்த பகுதி வரிசையாக இறங்கி வருகின்றது. எட்டுப் படி ஏற்றம், எட்டுப் படி இறக்கம்! இதனினும் எளிய பொருள் இசையில் யாதுளது? ஆயினும் பாடக் கேட்டாலன்றோ அவ்வெளிமையின் கம்பீரம் விளங்கும்!

இம்முதற்பாட்டோடு தொடர்ந்து அமைந்தன குருகுகன் மீது எட்டுக் கிருதிகள். இவற்றின் அமைப்பு தமிழிலக்கணம் பயில்வாராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது. வடமொழியில் விபக்தி என்பதனை நாம் வேற்றுமை என்கிறோம். எழுவாய் முதல் விளி ஈறாக வேற்றுமை எட்டு. முதற்கிருதியில் குருகுகனென்னும் பெயர் எழுவாயாக நிற்கின்றது. அடுத்து ஆனந்தபைரவியில் அமைந்த கிருதியில் இரண்டாம் வேற்றுமை ஏற்கின்றது. இவ்வாறே ஒவ்வொரு பாட்டிலும் உருபு மாறிமாறி, எட்டாம் பாட்டில் விளியாகின்றது. முதற்பாட்டில் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் தொடங்கியவர், எட்டாம் பாட்டில் அவரை நேரே கூவி அழைக்கின்றார். ஒரே பெயர், எட்டு மாற்றம், அவ்வளவே. நன்னூல் வகுப்பில் நாம் மனனஞ் செய்து அலுக்கும் அவ்வேற்றுமைகளைக் கொண்டே ஒரு பக்தன் தெய்வத்தை அணுகும் வழியை அமைத்தாரென்றால், இலக்கணம் வறண்டதென்று இனி யார் சொல்வார்?

படிப்பாட்டும் மேனாட்டார் புதுமையும்

சிறு பொருளை எடுத்து, அதனை மீட்டும் மீட்டும் வழங்கி, சிறிது சிறிதாக மாற்றிப் பேருருக் காட்டும் இசைநெறி ஒன்று அமெரிக்க நாட்டில் 1960 ஆம் ஆண்டுகளில் தோன்றி இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அந்நெறியின் முதன்மையான பாடம், கலிபோர்னியா நாட்டு டெர்ரி ரைலி 1964 ஆம் ஆண்டில் இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் மாதம் சான்பிரான்சிஸ்கோ நகரில் அது முதன்முறை அரங்கேறியது. அதன் பெயர் 'இன் ஸி'. நம் வழக்கிற் சொன்னால் 'ஒரு கட்டைச் சுருதியில்' என்பதாம்.

அதன் அமைப்பு வியப்புக்குரியது. சிறுசிறு ஸ்வரக் கோவைகள் 53; அவை எல்லாம் ஒரே தாளில் அடங்குவன. வாசிப்போர் இத்துணையரென்ற வரையறை இல்லை, இன்ன கருவியென்ற விதியுமில்லை, நடத்துவாரும் வேண்டா. ஒருவர் மேல்ஸ்தாயி ஷட்ஜத்தை இடைவிடாது தட்டிக்கொண்டிருக்க, ஏனையோர் முதற்கோவையைத் தத்தம் விருப்பம்போல் எத்தனை முறையேனும் வாசித்து, மனம் நிறைந்தபின் அடுத்ததற்குச் செல்வர். ஒருவர் மிக முந்திவிடலாகாது. மிகப் பிந்தியும் விடலாகாது. ஆதலின் ஒவ்வொருவரும் தாம் வாசிப்பதனினும் பிறர் வாசிப்பதையே கூர்ந்து கேட்டல் வேண்டும். பெரும்பகுதி நம் சங்கராபரணத்துக்குரிய ஸ்வரங்களே. இடையிடையே பிரதிமத்தியமமும் கைசிகி நிஷாதமும் எட்டிப் பார்க்கும். ஒரு மணி நேரமோ அதற்குக் கூடவோ குறையவோ சென்றபின், எல்லாரும் இறுதிக் கோவையில் வந்து சேர, ஒவ்வொருவராக ஓய்வர். இரு முறை நிகழ்த்தினால் இரு முறையும் வேறுவேறாக ஒலிக்கும். எனினும் பாடம் ஒன்றே. இதனை இயற்றிய ரைலி பின்னர் 1970 ஆம் ஆண்டில் கிரானா மரபினராகிய பண்டிதர் பிராண்நாத்திடம் மாணாக்கராக அமர்ந்து இந்திய இசை பயின்றனர் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

இச்செய்தியைப் படித்தபோது திருத்தணிகைப் படிகளே நம் நினைவில் எழுந்தன. ஆண்டுதோறும் டிசம்பர் 31 ஆம் நாள் அம்மலையில் திருப்படித் திருவிழா நடைபெறும். வள்ளிமலைச் சச்சிதானந்த ஸ்வாமிகள் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி வைத்தது அது. பல ஊர்களிலிருந்து வரும் பஜனைக் கூட்டத்தார், படிதோறும் நின்று அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாடி, அடுத்த படிக்கு ஏறுவர். ஒரு கூட்டம் மேற்படியில் நிற்க, மற்றொரு கூட்டம் கீழ்ப்படியில் வேறொரு சந்தத்தைப் பாடிக்கொண்டிருக்கும். ஜாலராவின் ஒலி ஒன்று; குரல்கள் பல; ஏறும் வேகமும் பல; அடையும் இடமோ ஒன்று. மேனாட்டுப் புதுமைக்கும் நம் படிப்பாட்டுக்கும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த உறவு யாதுமில்லை. ஆயினும் சிறு அடிகளாக வகுத்துப் பலர் கூடி ஏறினால் உயரமான இடத்தை அடையலாமென்பதை இரண்டும் ஒருங்கே உணர்த்துகின்றன. எட்டு ஸ்வரம் ஏறி எட்டு ஸ்வரம் இறங்கும் பாட்டு அம்மலையிற் பிறந்ததும் பொருத்தமே.

நொட்டுஸ்வரங்கள்

இனி, கோட்டையிற் கேட்டுச் செவியிற் சேமித்த மெட்டுகளுக்கு வருவோம். தீட்சிதர் அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளாகச் சொல் அமைத்தார். ஏறக்குறைய 40 பாடல்கள் இவ்வாறு அமைந்தன. நோட் என்னும் ஆங்கிலச் சொல்லே நொட்டு என்றாகி, இவை நொட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப் பெயர் பெற்றன. ஐரோப்பியருடைய பெருவழக்கான ஸ்வரவரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்திருத்தலால், எல்லாம் சங்கராபரணத்திலேயே அமைந்தன. ஆங்கில அரசரை வாழ்த்தும் நாட்டுப்பாடலின் மெட்டில் சியாமளையின் துதி ஒன்று உண்டு. பிரஞ்சு நாட்டில் 18 ஆம் நூற்றாண்டில் வழங்கியதும், மோட்ஸார்ட் என்னும் பேரிசைஞர் 12 மாற்றுருவங்கள் செய்து விளையாடியதுமாகிய ஒரு சிறு மெட்டில் மீனாக்ஷியின் துதி ஒன்று உண்டு. இம்மெட்டை இன்று உலகத்துக் குழந்தைகள் விண்மீனைப் பற்றிய ஆங்கிலப் பாட்டாக அறிவர். அதிலுள்ளவை ஸ ரி க ம ப த என்னும் ஆறே ஸ்வரங்கள்.

இவற்றை இசைவாணர் சிலர் மதிப்பதில்லை. கமகமில்லாத பாட்டு உப்பில்லாத உணவென்பர். பிறநாட்டு மெட்டுக்குச் சொல் வைத்தது விளையாட்டென்பர். இவ்விரு குற்றச்சாட்டையும் சிறிது ஆராய்வோம்.

கமகமாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் உயிரூட்டுதல். அது நம் இசையின் அணி, ஐயமில்லை. ஆயின் அவ்வசைவு பாடுவார்தோறும் சிறிது சிறிது வேறுபடும். ஆதலின் கமகம் செறிந்த கிருதியை நூறு பேர் ஒரு குரலாகப் பாடுதல் எளிதன்று. பாடினும் ஒருவர் குழைவு மற்றொருவர் குழைவோடு முட்டும். நொட்டுஸ்வரத்திலோ ஸ்வரம் அசையாது நிற்கும். அதனால் முதல் நாள் பயிலும் குழந்தையும், தேர்ந்த வித்துவானும், வீணையும், வயலினும், குழலும் ஒரே வரிசையில் நின்று அதனைப் பாடலாம். ஒருவர் பெருமையைக் காட்டுதற்கன்றிப் பலரை ஒன்றுசேர்த்தற்கு எழுந்த இசை அது. உப்பைக் குறைத்தது சமைக்கத் தெரியாமையாலன்று. பந்தியிற் குழந்தைகளும் அமர்ந்திருந்தமையால்.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் ஆழமானது. ஆள வந்தாருடைய மெட்டை எடுத்தாளுதல் அடிமைத்தனமன்றோ என்று கேட்பார் உளர். தீட்சிதர் துரைமாரைப் புகழ்ந்து ஒரு சொல்லும் அம்மெட்டுகளில் வைக்கவில்லை. மன்னனை வாழ்த்திய மெட்டு அவர் வாயில் அன்னையை வாழ்த்திற்று. படைவீரர் அடிபெயர்த்து நடப்பதற்கு முழங்கிய இசை, குழந்தைகள் கைகூப்பி நிற்பதற்கு உரியதாயிற்று. பிறர் பொருளை வாங்கியவர் அதற்கு அடிமையாகவில்லை, அதனைத் தமதாக்கிக்கொண்டார். அதே மனிதர்தாம் வேங்கடமகியின் மரபை எள்ளளவும் வழுவாது காத்தார் என்பதையும் மறக்கலாகாது. தன் வீட்டு வேர் ஆழமாக ஊன்றியவனுக்கே அயல்வீட்டுக் காற்று நலஞ்செய்யும்.

காஞ்சியும் ஆரூரும் தஞ்சையும்

திருத்தணிகையிலிருந்து தீட்சிதர் தலந்தோறும் யாத்திரை செய்தார். காஞ்சிபுரத்திற் சில ஆண்டுகள் தங்கி, உபநிஷத் பிரமேந்திரரோடு பழகினார். பின்னர்த் தாம் பிறந்த திருவாரூரை அடைந்து, கமலாம்பிகை மீது நவாவரண கிருதிகளைப் பாடினார். தணிகையிற் கைக்கொண்ட வேற்றுமை முறையை அங்கே மீண்டும் ஆண்டு, அதன்மேல் ஒரு பேராலயமே எழுப்பினார். சிறிய அடித்தளம் எத்துணைப் பெரிய கோபுரத்தையும் தாங்குமென்பதற்கு அந்நவாவரணங்களே சான்று. கிரகங்களைப் பற்றிய கிருதிகளும் அவர் புகழுக்குக் காரணமாயின.

அக்காலத்துத் தஞ்சை, இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து நகரம். தமிழும் தெலுங்கும் மராத்தியும் வடமொழியும் ஐரோப்பிய இசையும் அங்கே அருகருகே வாழ்ந்தன. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் அங்கே தீட்சிதரிடம் இசை பயின்றனர். பரதநாட்டியத்துக்கு இன்று நாம் காணும் கச்சேரி முறையை வகுத்தவர்கள் இவர்களே. வடிவேலு வயலினிலும் வல்லவராகித் திருவாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாளின் அவையிற் சிறப்புற்றார். குருவின் தம்பி கோட்டையிற் கண்ட கருவி, மாணாக்கர் கையில் அரசவை ஏறிற்று.

தீட்சிதர் செல்வத்தை நாடியவரல்லர். மன்னரைப் பாடிப் பொருள் பெறும் வழியை அவர் விரும்பவில்லை. வீணையும் மாணாக்கருமே அவர் உடைமை.

எட்டயபுரத்தில் இறுதி

பாலுஸ்வாமி எட்டயபுர சமஸ்தான வித்துவானாக அமர்ந்திருந்தார். தம்பியைக் காண விழைந்த தீட்சிதர் தென்பாண்டி நாடு சென்று, எட்டயபுரத்தைத் தம் இறுதி இருப்பிடமாகக் கொண்டனர். 1835 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள், தீபாவளித் திருநாள். தம் காலம் நெருங்கியதை உணர்ந்த அவர், மாணாக்கரை அழைத்து மீனாக்ஷியம்மை மீது தாம் இயற்றிய கிருதி ஒன்றைப் பாடச் சொன்னாரென்றும், அவர்கள் ஒருங்கு கூடிப் பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் அமைதியாகப் பிரிந்ததென்றும் கூறுவர். வாழ்நாளெல்லாம் வீணையைத் தோளிற் சார்த்திப் பாடியவர், இறுதியில் தாம் பாடவில்லை. பிறர் கூடிப் பாடக் கேட்டார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இன்றும் உள்ளது.

காத்துக் கொடுத்த கைகள்

இப்பாடல்கள் நம் கைக்கு எட்டிய வரலாறும் ஒரு கூட்டிசை போன்றதே. தீட்சிதர் பாடல்கள் மாணாக்கர் வாய்வழியே வாழ்ந்தன. ஏட்டில் ஏறியவை சில. மாணாக்கர் மறைந்தால் பாடலும் மறையும் நிலை. பாலுஸ்வாமியின் வழித்தோன்றலாகிய சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் அவற்றைக் காத்து வந்தார். குடும்பச் செல்வத்தை அச்சிட்டு உலகுக்கு வழங்க அவர் முதலில் தயங்கினார்.

அத்தயக்கத்தை நீக்கியவர் ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார். அவர் கிறித்தவர், சென்னையில் அரசாங்க அலுவல் பார்த்தவர். கர்நாடக இசை அழிந்துவிடலாகாதென்ற ஒரே கவலையால், கிருதிகளை ஐரோப்பிய ஸ்வரக்குறியில் எழுதி 1890 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார், தம் பொருளை அதற்கே செலவிட்டார், கண்பார்வையும் குன்றிற்று. தம் காலத்துக்குள் பணி முடியாதென அறிந்த அவர், எட்டயபுர அரசரிடத்தும் சுப்பராம தீட்சிதரிடத்தும் பாடல்களை அச்சிட வேண்டுமென மன்றாடினார். அவ்வேண்டுகோளின் பயனாக 1904 ஆம் ஆண்டில் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல் தெலுங்கெழுத்தில் வெளிவந்தது. தீட்சிதரின் கிருதிகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை அதில் ஸ்வரக்குறிப்புடன் உள்ளன. அடுத்த ஆண்டில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட முதற்பயிற்சி நூலில் நொட்டுஸ்வரங்கள் பல இடம்பெற்றன. கோட்டையிலிருந்து வந்த மெட்டுகள் குழந்தைகளின் பாடநூலிலேயே அடைக்கலம் புகுந்தமை எத்துணைப் பொருத்தம்!

சைவரும் வைணவரும் கிறித்தவரும், அரசரும் அலுவலரும், வடமொழியும் தெலுங்கும் தமிழும் கூடியன்றோ இச்செல்வம் காக்கப்பட்டது? ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார், எல்லாரும் ஒரே சுருதியில் நின்றனர்.

முடிவுரை

பெரியன செய்ய வேண்டுமென்னும் விருப்பம் நம் போன்ற மாணாக்கர்க்கு இயல்பு. அதற்குரிய பெரிய கருவிகள் நமக்கு வாய்க்கவில்லையே என்று வாடுதலும் இயல்பு. தீட்சிதரின் சரிதம் இவ்வாட்டத்துக்கு மருந்து. அவர் முதலிற் கைக்கொண்டது குழந்தைகளின் சரளி வரிசை. இலக்கணத்தின் எட்டு வேற்றுமை. தெருவழியே சென்ற பாண்டு வாத்தியத்தின் ஆறு ஸ்வரம். இவை யாவர்க்கும் கிடைப்பனவே. கிடைப்பதை இகழாமல் ஏற்று, ஒழுங்காக அடுக்கி, பிறரும் உடன்பாட இடந்தருதலே அவர் கற்பித்த கலை.

ஆதலின் நொட்டுஸ்வரத்தை விளையாட்டென்று ஒதுக்குதல் தகாது. நம் கல்லூரிகளிற் கூடிப் பாடும் மாணாக்கர், பெருங்கிருதிகளைக் கச்சேரியிற் கேட்டு இன்புறுவதோடு நில்லாமல், இச்சிறு பாடல்களையும் ஒருங்கு பயின்று அரங்கேற்றுவார்களாக. பாடும்போது தம் குரலை உயர்த்துவதினும் அயலவர் குரலைக் கேட்பதிற் கருத்தூன்றுவார்களாக. அங்ஙனம் நூறு குரல் ஒரு குரலாகும்போது, சிறுமையுள் ஒளிந்திருக்கும் பெருமை தானே விளங்கும்.